கிடங்கு வாசலில் கொண்டைக்கடலை

அன்பு மருமகளே,

ஸ்பெயினின் சரகோசா கிடங்கிலிருந்து உன் லாரி அலுவலகத்துக்குப் புகார் வந்திருக்கும். "இந்த ஒரு தடவை சரக்க நீங்களே எறக்கிக் குடுத்துடுங்க மாமா, நல்ல வாடிக்கை போயிடும்" என்று நீ போனில் கெஞ்சினாய். நடந்ததைக் கேள்.

கிடங்கு மேலாளர் எவாரிஸ்தோ எருது மாதிரி ஆள். அளந்து பார்த்தால் என் தோள் உயரம். தள்ளுவண்டியை என் பக்கம் உருட்டிவிட்டு, லாரியில் மரப்பலகைகள் மேல் அடுக்கியிருந்த சரக்கைக் காட்டி, "முப்பத்துமூணு பேலட். நீயே எறக்கு, இல்லேன்னா கெளம்பு" என்றான்.

"டிரைவர் எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குப்பா. அதுக்கு மேல நான் வேற இருக்கேன்" என்றேன்.

லாரியின் பக்கப் பெட்டியிலிருந்து அடுப்பை எடுத்து, அவன் வாசலிலேயே கொண்டைக்கடலையை வேகப்போட்டேன். அதில் போட்ட சொரிசோ இறைச்சி வாசனைக்கு நூறு பேர் கூடிவிட்டார்கள். குறைத்துச் சொன்னால் நாலு பேர். எனக்குப் பின்னால் லாரிகள் பிரான்ஸ் எல்லை வரை நின்றன. மூன்று மணி நேரம் கழித்து எவாரிஸ்தோவே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினான்.

"உன்ன மாதிரி பிடிவாதக்காரன நான் பாத்ததில்லய்யா."

தட்டை நீட்டினேன். சாப்பிட்டான்.

வாடிக்கை போனால் போகட்டும். என்னை வேலையிலிருந்து நீக்குவதானால் நீயே கையெழுத்துப் போடு. அடுத்த முறையும் இறக்கமாட்டேன்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு, என்னோடு லாரி ஓட்டிய உன் அப்பாவின் கால் பேலட்டுக்கடியில் நசுங்கிய அன்று, "சீக்கிரம் நீங்களே எறக்கிடுங்க மச்சான், வீட்டுக்குப் போலாம்" என்று அவசரப்படுத்தியவன் நான்தான். அவர் இன்றுவரை உங்கள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

உன் தாய்மாமா