அன்னம்மாளுக்காக ஒரு மன்றாட்டு

சிலாபம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

போன கிழமை விடுதிச் சிற்றாலயத்தில் செபமாலையை நான்தான் சொன்னேன். வீட்டுப் பழக்கத்தில், முடிவில் "அன்னம்மாள் பத்திரமாகக் கரைசேர வேண்டும்" என்றுவிட்டேன்.

சிஸ்டர் திடுக்கிட்டு, "புனித அன்னம்மாளுக்காகவா பிள்ளை மன்றாடுறீங்க?" என்றார்.

"அது எங்கட வள்ளம், சிஸ்டர்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "எங்கட அப்பாட வள்ளத்தையும் சொல்லுங்க அக்கா" என்றாள். இப்போது தினமும் வள்ளங்களின் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் படிப்பு நேரம் பிந்திவிடுகிறது.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கருவாட்டுச் சம்பல் அனுப்புங்கள். சோதனைக்கு நன்றாகத்தான் படிக்கிறேன்.

கரைக்கு வந்ததும் விடுதிப் போனுக்கு அடித்து, இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிடுங்கள். கதைக்க விடமாட்டார்கள். ஆனால் சத்தம் படிப்பறைவரை கேட்கும்.

செபத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

மகள்,
ரொஷானி