இரண்டு நீங்கலாக

அக்டோபர் 9

இரண்டாம் நாள். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் பால் நிறத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். வெளியே மலை இருக்கிறது என்பது வாசனையில்தான் தெரிகிறது. விடுதி வாசலில் ‘பழுதுபார்ப்பு நடக்கிறது’ என்று பலகை. உள்ளே நாற்பத்தொரு பேர், இந்த ஆண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு வினாத்தாள் தயாரிக்கிறோம். தேர்வு நவம்பர் 14. அன்று கடைசி மணி அடிக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. போன் கிடையாது. சமையலறைக் குப்பையைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

அம்மாவிடம் ஜப்பானில் கருத்தரங்கு என்று சொன்னேன். முப்பத்தெட்டு நாள் கருத்தரங்கு. "குளிருக்குப் போட்டுக்க எடுத்துக்கிட்டியா" என்று மட்டும் கேட்டாள்.

இந்த நோட்டுக்கு எண்பது பக்கம். எண் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தாள்கூடக் கிழிக்கக் கூடாது. போகும்போது படித்துப் பார்த்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்களாம்.

அக்டோபர் 11

தினமும் மூன்று மணிக்கு ஒரு பெண் குரல். "வருக. விருந்தினர்கள் இப்போது அறைகளுக்குச் செல்லலாம்." விடுதியின் பழைய ஒலிபெருக்கி. தானாகப் பேசுகிறது. காலை பதினொன்றுக்கு இன்னொரு தடவை: "புறப்படும் விருந்தினர்களே, எதையும் விட்டுச் செல்லவில்லையே?" சுவிட்சை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பியன் என்ற காவலர் சொன்னார்: "வயரையே அறுத்துட்டேங்க. அப்பவும் பேசுது. வேற வயர் போல."

அக்டோபர் 15

எலும்பு கிடைத்தது. கேள்வியின் கருவை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். முப்பதாவது கேள்விக்கு. கடைசிக் கேள்வி, மிகக் கடினமானது, என் பொறுப்பு.

f(x) + f(4 − x) = 6. தொகையீட்டின் எல்லைகள் −2-லிருந்து 6 வரை. அந்தச் சார்பு என்னவென்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒருவன் இடப்பக்கத்திலிருந்து நடக்கிறான், இன்னொருவன் வலப்பக்கத்திலிருந்து. ஒவ்வோர் அடியிலும் இருவர் உயரத்தையும் கூட்டினால் ஆறு. பாதை எட்டு. ஆறெட்டு நாற்பத்தெட்டு. அதில் பாதி ஒருவனுடையது. இருபத்துநான்கு. சார்பைப் பார்க்காமலே அதன் பரப்பு தெரிந்துவிடுகிறது.

தலைவர் பேராசிரியர் நாம்குங் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "சதையே இல்லை. நல்லாருக்கு. மேல துணி போட்டு விடும்மா, பசங்க உடனே அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது. எங்கேருந்து பிடிச்ச?"

"குளிக்கும்போது வந்துச்சு சார்."

உண்மையில் எப்போது வந்தது? நினைவில்லை. எழுத உட்கார்ந்தேன், அது அங்கே இருந்தது.

அக்டோபர் 16

அந்த எண்கள் ஏன்? −2, 6. பூஜ்யத்திலிருந்து நான்கு என்று வைத்திருந்தாலும் வேலை ஆகியிருக்கும்.

அக்டோபர் 20

என் அறையில் என்னோடு இருப்பவர் மா தோக்சூன் டீச்சர். மொக்போவில் பள்ளி ஆசிரியை. ஐம்பது வயது. அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்து: "ஏம்மா செயின், மேல் எல்லையே இல்லாத தொகையீடு மாதிரி முகம் நீண்டுக்கிட்டே போகுதே. காதலனை நினைச்சா?"

"அப்படி யாரும் இல்லக்கா."

"அப்ப இந்தக் கிம்ச்சியை நினை. இங்க அது ஒண்ணுதான் உருப்படி."

எல்லாரும் சிரித்தார்கள். எண்ணினேன். நாற்பத்தொரு பேர். நாற்பத்திரண்டு நாற்காலி. தினமும் ஒன்று மிச்சம். யாரும் எடுத்து ஓரமாக வைப்பதில்லை.

அக்டோபர் 24

சரிபார்ப்பு தொடங்கியது. கடைகளில் விற்கும் எல்லாப் பயிற்சிப் புத்தகங்களையும் வாங்கி வந்து கூடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். நம் கேள்வி எதிலாவது ஏற்கெனவே வந்திருந்தால் தூக்கி எறிய வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது புத்தகம். பார்த்து முடித்ததும் முதல் பக்கத்தில் நம் சொந்த முத்திரையைச் சிவப்பு மையில் குத்த வேண்டும். அதற்குப் பொருள்: இதில் நம்முடையது எதுவும் இல்லை.

குத்திய புத்தகத்தை மறுபடி யாரும் திறக்க மாட்டார்கள்.

அக்டோபர் 27

மெல்லிய புத்தகம். இரண்டு பின் அடித்தது. தேர்வில் தோற்ற பையன்கள் தாங்களே வினாத்தாள் தயாரித்து நோரியாங்ஜின் கடைகளில் விற்பார்கள், அந்த வகை. பெயர் இல்லை. அச்சிட்டது இந்த ஆண்டு ஆகஸ்ட்.

முப்பதாவது கேள்வி.

‘x = 2 நீங்கலாக எல்லா x-க்கும் f(x) + f(4 − x) = 6.’ 6-லிருந்து −2 வரை தொகையீடு காண்க.

விடைப் பக்கத்தில்: −24.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் விடைத்தாளில் எண்களுக்குத்தான் வட்டங்கள் உண்டு. கழித்தல் குறிக்கு வட்டமே கிடையாது. இந்த விடையை யாராலும் குறிக்க முடியாது. இது தெரியாதவன் தேர்வு பக்கமே வராதவன். தெரிந்தே இப்படிப் போட்டவன் —

மூன்று மணிக் குரல் வந்தது. வருக.

அக்டோபர் 28

முத்திரை குத்தினேன்.

அக்டோபர் 29

வேலை செய்தேன். சாப்பிட்டேன்.

நவம்பர் 1

எழுதிவிட்டால் மறைக்க முடியாது. இதைப் படிப்பார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

எனக்குத் தம்பி உண்டு. ஹன்கியோல். உயிரோடு இருந்தால் இருபத்துமூன்று வயது.

அந்த எலும்பு அவனுடையது. இன்சியோன் வீட்டில், கோழி வறுவல் வந்த அட்டைப் பெட்டியின் மூடியில், எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுதினான். −2, 6 இரண்டும் அவன் போட்டவை. எல்லைகளைத் தலைகீழாகப் போடுவதும் அவன் பழக்கம். ஏன்டா இப்படி என்று கேட்டால், "வீட்டுக்குத் திரும்புற வழிக்கா. அதான் மைனஸ்" என்பான். அந்த மூடியை நாங்கள் இரண்டு பேர்தான் பார்த்தோம். அடுத்த நாள் அம்மா குப்பையில் போட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன், இரண்டாவது தடவையும் அவன் தேர்வில் தோற்ற அன்று, அம்மா இன்னொரு வருடம் படிக்கட்டும் என்றாள். அவள் பள்ளிச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கி வருவாள். எனக்குக் கோபம். தாளை எடுத்து வளைகோடு வரைந்தேன். அதில் ஒரே ஒரு புள்ளியை அழித்தேன்.

"பாத்தியா? ஒரு புள்ளியை எடுத்துட்டா பரப்பு மாறாது. இந்த வீட்ல நீ அதுதான். இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அவன் சிரித்தான். "எந்தப் புள்ளிக்கா?"

தாளைப் பார்த்தேன். "ரெண்டு."

காலையில் அவன் இல்லை. வோல்மிதோ கடற்கரையில் பாறைமேல் அவன் காலணிகள். உடல் கிடைக்கவில்லை. அம்மா இன்றுவரை மேசையில் மூன்று கிண்ணம் வைக்கிறாள். மூன்றாவதைக் காய்ந்தபடியே திரும்ப அலமாரியில் வைக்கிறாள்.

x = 2 நீங்கலாக. ஆகஸ்ட் மாதம் அச்சு.

நவம்பர் 2, காலை

படிவத்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

உள்ளே வருமுன் உறுதிமொழி கொடுத்தோம். பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இந்த ஆண்டு தேர்வெழுதினால் இந்த வேலைக்கு வரக் கூடாது. உடன்பிறந்தவர் இருந்தால், அவர் எழுதவில்லை என்று அவர் கையெழுத்து வேண்டும். இறந்திருந்தால் இறப்புச் சான்று. அவனுக்கு இரண்டும் இல்லை. காணாமல் போனவர்களுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

உடன்பிறந்தோர்: இல்லை. அப்படி எழுதினேன். முத்திரையும் குத்தினேன்.

இந்த வேலை முடிந்தால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் கிடைக்கும் என்று நாம்குங் சொல்லியிருந்தார். இப்போது பேசினால் அது போகும். பேசாவிட்டால், பதினாலாம் தேதி ஒரு நாடே அவன் கேள்வியைப் பார்க்கும். யாராவது இந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். வினாத்தாள் கசிந்தது என்பார்கள். விற்றவனைத் தேடிப் பிடிப்பார்கள்.

பிடிக்கட்டுமே, ஆள் கிடைப்பானே — ஒரு நிமிடம் இப்படியும் நினைத்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 2, மாலை

புத்தகத்தைக் கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் நாம்குங் மேசையில் வைத்தேன். என் முத்திரைமேல் விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் முப்பதாவது கேள்வியைப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். "எலும்பு ஒண்ணாவே இருக்கே. எப்படி?"

"என் தம்பி போட்ட கணக்கு சார்."

"படிவத்துல தம்பி கிடையாதே."

"நான்தான் எழுதல. இருக்கான்."

கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருக்கானா?"

"தெரியாது சார். ஆனா இருக்கான்."

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு பக்கத்து அறையைப் பார்த்துச் சொன்னார்: "மா டீச்சரைக் கூப்பிடுங்க. முப்பதாவது புதுசா போடணும். பன்னண்டு நாள்தான் இருக்கு." என்னிடம்: "நீ வெளியேயும் போக முடியாது, வேலையும் செய்ய முடியாது. புரியுதில்ல?"

புரிந்தது.

மா அக்கா என் பெட்டியைத் தூக்க உதவினார். லிஃப்டில் தோளில் ஒரு தட்டு. "பாவி. பன்னண்டு நாள் தூங்கலாம் நீ. எனக்குத்தான் உன் தலைவலி."

நவம்பர் 4

நாலாவது மாடி. மற்ற அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சாப்பாட்டைப் பியன் கதவுக்கு வெளியே வைக்கிறார். பால் நிறக் கண்ணாடியில் பகல் ஏறி இறங்குகிறது.

நவம்பர் 6

பக்கத்து அறையில் யாரோ நடக்கிறார்கள்.

மூன்று மணிக் குரல் முடிந்ததும் தொடங்குகிறது. எட்டு அடி. நின்று திரும்பி எட்டு அடி. சிலசமயம் நடுவில் ஓர் அடி கேட்பதில்லை. ஆனாலும் எட்டு அடி நேரம்தான் ஆகிறது.

நவம்பர் 7

பியனிடம் கேட்டேன்.

"பக்கத்துலயா? அங்க யாரும் இல்லீங்களே. சாவி என்கிட்டதான் இருக்கு."

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

தயங்கினார். திறந்தார். கட்டில், சுருட்டிய மெத்தை, கம்பளத்தில் தூசி. தூசியில் தடம் இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை நானே நடந்து பார்த்தேன். என் கால்களுக்கு ஏழடி.

"தனியா இருந்தா காது சும்மா இருக்காதுங்க," என்றார். "நான் பட்டாளத்துல இருந்தவன். எல்லைக் காவல்ல எனக்கு எங்க வீட்டு நாய் குரைக்கிறது கேக்கும்."

ஹன்கியோலுக்கு என்னைவிடச் சின்னக் கால்கள். அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

நவம்பர் 8

நடக்கிறது. போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். a-யிலிருந்து b, b-யிலிருந்து a. கூட்டினால் பூஜ்யம். கேட்டுக்கொண்டு படுத்திருப்பவளுக்கு அது பூஜ்யம் இல்லை.

நவம்பர் 10

சுவரில் தட்டினேன். இரண்டு தட்டு.

நடை நின்றது.

நவம்பர் 11

இன்று நடை இல்லை. ஏன்டி தட்டின? சும்மா கேட்டுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? ஒருதடவையாவது வாயை மூடிக்கிட்டு —

நவம்பர் 13

இல்லை.

நவம்பர் 14

தேர்வு நாள். மதியம் ஒன்று பத்துக்கு ஆங்கிலக் கேட்டல் தேர்வு. சத்தம் கூடாதென்று அந்த இருபத்தைந்து நிமிடமும் நாட்டில் எங்கும் விமானம் ஏறாது, இறங்காது. படுத்தபடி அதைக் கேட்டேன். ஒன்றும் கேட்காததைக் கேட்டேன்.

மாலை கீழே கைதட்டல். கதவுகள், பெட்டிச் சக்கரங்கள், பேருந்துகள். மா அக்கா கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு தள்ளிவிட்டுப் போனார். ‘புது முப்பது, விடை 17. உன்னுது அளவுக்கு அழகு இல்ல. மொக்போ வந்தா மீன் வாங்கித் தரேன்.’

என்னை விடவில்லை. நாளைக் காலை வாக்குமூலம்.

நவம்பர் 15

புதிய படிவம் கொடுத்தார்கள். உடன்பிறந்தோர்: ஒருவர். பியோ ஹன்கியோல். நிலை என்ற இடத்தை எழுதாமல் விட்டேன். அதிகாரி பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகுமாம். நோட்டைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தித் தந்தார்கள்.

பெட்டியோடு வாசலைக் கடக்கும்போது மணி பதினொன்று. பின்னால் அந்தக் குரல். புறப்படும் விருந்தினர்களே.

இன்சியோன் வந்து சேர மூன்று ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, நான் வருவது அவளுக்குத் தெரியாது. அவள் வேலை முடிந்து வர நான்கரை ஆகும். வீடு பூட்டியிருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி.

சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனேன்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் சூடு ஆறாத சாப்பாட்டு டப்பா கொண்டுபோவார்கள். ஹன்கியோலுடையது பச்சை நிறம். மூன்று வருடமாகக் குளிர்பெட்டியின் மேல், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். தொடவிட மாட்டாள். இப்போது பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டப்பா பாத்திரத் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள், இரண்டு கரண்டிகள்; என்னுடையது அலமாரியில். இரண்டும் ஈரம்.

அம்மாவே நேற்று அதில் சாப்பாடு கொண்டுபோயிருக்கலாம். யாராவது வந்துபோயிருக்கலாம். போன் கையில் இருக்கிறது. அழைக்கவில்லை. இந்தத் தடவை தட்டப் போவதில்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். திருகு வரியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவும்போது தப்பியது. பழைய பருக்கை என்றால் கல்லாகியிருக்கும். நகத்தால் எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தினேன்.

மெத்தென்று இருந்தது.