நான் தட்டி வெட்டிய பேக்கிங்

திருச்செங்கோடு
பங்குனி 12

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் கனடாக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் இருக்கிறோம், சுகமாக என்று சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. மரவள்ளியைப் பிடுங்கி மில்லுக்கு ஏற்றி விட்டாயிற்று. வெயில் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது, போர் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் தண்ணீருக்குப் பதில் காற்றுத்தான் வருகிறது. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் கடிதாசி என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" என்று ஆரம்பித்து விடுகிறாய், எனக்கும் அதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அம்மா போய் ஐந்து மாதம், ஐந்து மாதமும் அப்படியேதான் தப்பித்திருக்கிறேன். தாளில் எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது.

போன வாரம் உன் அண்ணி ரஞ்சிதாவுக்கு நீ பேசி அனுப்பிய செய்தியை அவள் போனில் சத்தமாகப் போட்டுவிட்டாள். வைகாசியில் ஊருக்கு வரவில்லை, பாப்பாவுக்கு அங்கேயே ஒரு கடையில் காது குத்திக்கொள்கிறோம், தாய்மாமன் மடி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். உன் அண்ணன் குணசீலன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சரி, அவ பிள்ளை, அவ இஷ்டம்" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டான். நம் சனத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு குழந்தைக்குக் காது குத்தினால் அந்த அண்ணன் தங்கை உறவே அறுந்தது என்றுதான் அர்த்தம், அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா சாவுக்கு நீ உன் அண்ணன்மேல் வைத்திருக்கும் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் நான். முழுக்கச் சொல்லிவிடுகிறேன், படித்து முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் முடிவு செய்.

போன ஆவணியில் நம் டீசல் காருக்கு இழுவை இல்லாமல் போனது. மிதித்தால் கரும்புகை தள்ளுகிறது, சங்ககிரி மேட்டில் இரண்டாவது கியருக்கு வந்துதான் ஏறுகிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற தங்கமுத்துவிடம் காட்டினேன். இ.ஜி.ஆர். வால்வு அடைத்திருக்கிறது என்றார். இன்ஜின் எரித்துக் கழிக்கிற புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புகிற வால்வு அது, நாளாக நாளாக அதன் வாயில் கரி கட்டிக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் பண்ணினால் போதும், ஆனால் கழற்றினால், புகை கசியாமல் இணைப்பில் வைக்கிற பழைய தகடு பேக்கிங் திரும்ப உதவாது, புதுசு சேலத்திலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். குணசீலனும் அதையே சொன்னான். "அவரே பாக்கட்டுமுங்கப்பா, அம்மாவ திங்கக்கெழம ஆசுபத்திரிக்கு வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போய்க்கறனுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் போர் போடுகிற ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று காட்டில் கிடந்து கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுச் சேர்த்தவன், ஒரு கைப்பிடி கரியைத் துடைக்க இன்னொருவன் பட்டறையில் காத்துக் கிடப்பதா என்று திமிர். தகட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக் கொட்டகை நிழலில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வால்வைப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் தார் மாதிரி கரி, நடுவில் பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். ஸ்பிரே அடித்து ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டி, பல் விளக்கும் பிரஷால் தேய்த்து, துணியில் கரி ஒட்டாத வரைக்கும் துடைத்தேன். அந்த வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, இன்றைக்கும் சொல்வேன். உன் அம்மா துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று "ஏனுங்க, இந்தக் கரியெல்லாம் நாம உள்ள இழுத்ததுதானுங்களா" என்று கேட்டாள். சின்ன வயசில் பள்ளிபாளையத்துத் தறியில் இழுத்த பஞ்சுத்தூசிக்கே அவள் நெஞ்சு பாதி போயிருந்தது, அவளுக்குப் புகையென்றால் பயம். நான் சிரித்தேன். பூட்டுகிற நேரத்தில் பழைய தகடு பேக்கிங் இரண்டாகக் கிழிந்து வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, சூரமங்கலத்து நெஞ்சு டாக்டரிடம் அவளுக்குத் தேதி. நான் என்ன செய்தேன் தெரியுமா, பெட்டியில் கிடந்த, அட்டை மாதிரி இருக்கிற பேக்கிங் சீட்டை எடுத்து வால்வு வாயின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டினேன். தட்டத் தட்ட இரும்பின் விளிம்பே சீட்டை வெட்டிக் கொடுக்கும், ரிக்கில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பேக்கிங் செய்வோம், காட்டுக்குள் கடை ஏது. ஆனால் அதெல்லாம் காற்றுக்கும் எண்ணெய்க்கும். புகை போகிற பக்கம் சீட்டு வைத்தால் சூட்டில் பொரிந்து கொட்டிவிடும், வைக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் நான். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது, இரண்டு நாளைக்குத்தானே, தகடு வந்ததும் மாற்றிவிடலாம் என்று.

கார் புதுசு மாதிரி இழுத்தது. மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது, கரும்புகை இல்லை, விளக்கும் அணைந்தது. புதன்கிழமை தங்கமுத்து போன் பண்ணி "தகடு வந்துருச்சுங்க, வாங்கிட்டுப் போறீங்களா" என்றார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, வேண்டாம் என்றேன். நான் சீட்டு வைத்தேன் என்று அவரிடம் சொல்ல வெட்கம், அவ்வளவுதான் அம்மிணி, வேறு காரணம் எதுவும் இல்லை. புரட்டாசியில் உன் அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "காருக்குள்ள பொகை நாத்தமடிக்குதுங்க, ஏறி உக்காந்தா நெஞ்ச அடைக்குதுங்க." ரோட்டில் போகிற லாரிப் புகை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொள் என்றேன். நான் எப்போதும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே போட்டு ஓட்டுகிறவன், டீசலிலேயே ஊறிய மூக்கு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஏ.சி. காற்றை இழுப்பதே பானெட் முடிகிற இடத்தில்தான், பொரிந்த பேக்கிங் வழியாகக் கசிகிற புகை நேரே அங்கே போகும். அவள் மூச்சு முட்டுகிறது என்று சொல்லச் சொல்ல நான் கண்ணாடியை ஏற்று, ஏற்று என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை குணசீலனும் "எனக்கும் நாத்தம் வருதுங்கப்பா, ஒரு தடவ தொறந்து பாத்தரலாமுங்க" என்றான். நான் பூட்டிய வண்டியை நீ திறந்து பார்ப்பாயா என்று ரஞ்சிதா முன்னால் வைத்துக் கத்தினேன். அதன்பிறகு அவன் கேட்கவில்லை.

ஐப்பசியில் அந்த நாள் உனக்குத் தெரிந்ததுதான், தெரியாததை மட்டும் சொல்கிறேன். காலையில் அவளுக்கு லேசாக இழுப்பு இருந்தது. இங்கேயே காட்டலாம் என்று குணசீலன் சொன்னான். சூரமங்கலத்து டாக்டருக்குத்தான் அவள் உடம்பு தெரியும், ஒரு மணி நேரம்தானே, கிளம்புங்கள் என்று அனுப்பியது நான். "அம்மாதான் போலாம்னாங்க" என்று அவன் உன்னிடம் சொன்னானே, அது பொய், என்னை நடுவில் இழுக்காமல் இருக்கச் சொன்ன பொய். நல்ல மழை. மகுடஞ்சாவடி தாண்டி ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள், மழைக்குக் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டே. ஓடுகிற வண்டியில் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போகும், நிற்கிற வண்டியில் எங்கே போகும். அவளுக்கு முகம் கறுத்ததும் குணசீலன் கண்ணாடியை இறக்கி, அவளை மடியில் சாய்த்து, மூச்சு மருந்தை வாயில் அடித்து, மழையில் இறங்கி ஒவ்வொரு வண்டியாகத் தட்டி வழி கேட்டிருக்கிறான். ஆசுபத்திரியில் சேர்த்த நாலாவது மணி நேரத்தில் போய்விட்டாள். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது கார் போர்ட்டிகோவில் நின்றது. கதவைத் திறந்தேன். அவ்வளவு நேரம் கழித்தும் உள்ளே என் மூக்குக்கே தெரிகிற புகை நாற்றம். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், பழைய நுரையீரல், இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, புகை பட்டிருந்தால் கட்டாயம் இறுக்கியிருக்கும் என்றார். அதில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கருமாதியன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நீ உன் அண்ணனைப் பார்த்து "காலைலயே இழுத்துக்கிட்டிருந்தவள மழையில ஏத்திட்டுப் போய் எங்கம்மாவக் கொன்னுட்டியேண்ணா" என்று அழுதாய். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பக்கத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். நீ கனடாவுக்குத் திரும்பிப் போன மூன்றாவது நாள், யாருக்கும் தெரியாமல் அந்தப் பேக்கிங்கை மாற்றிவிடலாம் என்று வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து பானெட்டைத் திறந்தேன். அங்கே புதுத் தகடு பேக்கிங் இருந்தது. போல்ட்டுகளில் ஸ்பேனர் பிடித்த தடம் பளபளவென்று இருந்தது. தங்கமுத்துவிடம் ஓடினேன், அவர் முதலில் மழுப்பினார், அப்புறம் "அம்மாவ எடுத்த அஞ்சாம் நாளே உங்க பையன் கொண்டாந்துட்டாருங்க. பொரிஞ்ச சீட்ட கையில வாங்கிப் பாத்தாருங்க. இது எங்கப்பா காதுக்கு எப்பவும் போவக் கூடாதுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாருங்க" என்றார். கணக்குப் போட்டுப் பார் சாமி. அதற்கு அப்புறம் நடந்த கருமாதியில் நீ அவனைக் கேட்டபோது அவனுக்கு எல்லாம் தெரியும். "நானில்ல, அப்பாதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பாவுக்கே தெரியாது, தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார் என்று நினைத்து நீ சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டான். தெரிந்தே பக்கத்தில் நின்றவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது.

என்னை மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன், அதை நான் கேட்க வேண்டியவள் இப்போது இல்லை. என்னிடம் பேசாமல் இருக்க வேண்டுமென்று தோன்றினால் இரு, எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. ஆனால் வைகாசியில் வா. பேத்தியைக் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுவந்து அவள் மாமன் மடியில் உட்காரவை. நான் இருக்கக் கூடாது என்றால் அன்றைக்கு நான் காட்டுப் பக்கம் போய்விடுகிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் மலைமேல் இருக்கிறவன் நீண்ட ஆயுளும் நல்ல மூச்சும் கொடுக்கட்டும். மாப்பிள்ளை குளிருக்குக் காரை ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார் என்று முன்பு சொன்னாய், கதவைத் திறந்து வைத்துச் செய்யச் சொல். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. குணசீலனிடம் பேசும்போது, அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்பதை முதலில் சொல்லிவிடு. ஐந்து மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவன் எனக்குக் குழம்பு ஊற்றுகிறான், ஏ.சி. வேண்டுமா என்று கேட்டு என்னை அதே காரில் கூட்டிக்கொண்டு போகிறான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டு. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற உனக்கு எழுத முடிந்தது, அடுத்த அறையில் இருக்கிற அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
அர்த்தநாரி