சிட்டுச் செடிக்குக் கவ்வாத்து

மே 11, திங்கள்

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கு மேல் மூடுபனி, நோர்வூட் ரோடுகூடத் தெரியவில்லை.

வேலைகள்: குழாய்க்கு வாஷர். கோழிக்கூட்டுக்குத் தகரம். சரோவின் செடி.

வீட்டுக்காரி சரோ வத்தளைக்கு மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். பேத்தியைக் குளிப்பாட்ட மகளுக்கு ஆள் வேண்டுமாம். இங்கே எனக்குச் சோறு வடிக்க? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செடி இடுப்புயரம் வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நுவரெலியாவில் அவள் வாங்கிய விதைப் பாக்கெட்டில் ஹம்மிங்பேர்ட் மின்ட் என்று போட்டிருந்தது. அந்தக் குருவி நம் நாட்டில் கிடையாது. வருவது தேன்சிட்டு, அதனால் சிட்டுச் செடி என்று அவளே பேர் வைத்தாள். முளைத்தது மூன்று, நத்தை தின்றது இரண்டு. மிச்சம் இந்த ஒன்றுதான். இலையைக் கசக்கினால் சோம்பு வாசம். செம்மஞ்சள் பூக்கதிர், பாதி காய்ந்து நிற்கிறது.

தோட்டத்தில் தேயிலையைத் தரையோடு கவ்வாத்து வெட்டவைத்த கங்காணி வீட்டு வாசலில் இப்படி ஒரு பரட்டைத் தலையா?

மே 12, செவ்வாய்

செடியை வெட்டி முடித்தாயிற்று. மழைக்கு முன்னால் வெட்டுவதுதான் முறை. தரையிலிருந்து இரண்டு அங்குலம், தண்ணீர் வழிய ஒரே சாய்வு. ரிடையராகி மூன்று வருஷம், கை மறக்கவில்லை. பதினாறு பேரை வைத்து மலை மலையாகக் கவ்வாத்து பார்த்தவன் நான். சரோவிடம் சொல்லப் போவதில்லை. வரும்போது புதர் மாதிரி தழைத்திருக்கும், பார்த்து அசந்து போகட்டும்.

மாலை. பக்கத்து வீட்டு மேரி டீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ அண்ணே, என்ன இப்படி மொட்டை அடிச்சிட்டீங்க?"

"துளிர்த்து வரும் டீச்சர்."

டீச்சர் போனில் தேடிப் படித்தார். "இது தேயிலை இல்லண்ணே. பூத்து முடிஞ்ச கதிரை மட்டும் கிள்ளி விடணுமாம். மழைக்கு முன்னாடி அடியோட வெட்டவே கூடாதாம். தண்டுக்குள்ள தண்ணி எறங்குனா தூரு அழுகிடுமாம்."

"அது வெள்ளக்காரன் ஊருக்கு" என்றேன்.

ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வெட்டிப் போட்ட வாதுகளைப் பொறுக்கி வந்து, தவறணை நாற்றங்காலில் தேயிலைக் கன்று போடுகிற மாதிரி துண்டு போட்டு, மண்ணும் மணலும் கலந்த பைகளில் ஊன்றினேன். பன்னிரண்டு பை. எதற்கும் இருக்கட்டும்.

மே 14, வியாழன்

மழை. மழை. துணி காயவில்லை.

மகள் பேசினாள். "அப்பா, புள்ள நடக்கிற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டுமே."

"அவ என்ன சொல்றா?"

"செடி செடிங்கிறாங்க. நீங்க நல்லா பாத்துக்குவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, நிம்மதியா இருப்பாங்க."

ம், என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். இவர் தனியாக இருக்கிறார், போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. செடி இருக்கிறது, போக வேண்டும் என்கிறாள். அவளை இந்தப் பக்கம் இழுக்க இருந்ததே அது ஒன்றுதான். அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். செத்தது தெரிந்தால் அங்கேயே இருந்துவிடுவாள்.

பயமாக இருக்கிறது. எழுத வெட்கம்தான், ஆனாலும் அதுதான்.

மே 17, ஞாயிறு

செய்தவை:
நாலு குச்சி நட்டு மேலே பொலித்தீன்.
சுற்றிலும் சின்ன வாய்க்காலாகக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பியது.
தூரைச் சுற்றிச் சேற்றைச் சுரண்டிவிட்டுப் பொடிக்கல்.
ஒவ்வொரு தண்டு வாயிலும் மெழுகுவர்த்தி உருக்கி விட்டது. (டீச்சர் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. நல்ல மனுஷி.)

ஆறு தண்டில் இரண்டு கறுத்துவிட்டது. தொட்டால் கொழகொழ.

மத்தியானம் சரோ வீடியோவில். பேத்தி கொட்டாவி விடுவதைக் காட்டினாள். என் மூக்கு அப்படியே. பிறகு, "செடியைக் காட்டுங்க."

"சிக்னல் இல்ல புள்ள."

"என் மூஞ்சி தெரியுதுல்ல?"

"மழை. போர்த்தி வச்சிருக்கேன்."

"செடிக்குப் போர்வையா? எனக்கு ஒரு நாள் போர்த்தி விட்டிருப்பீங்களா?" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மே 20, புதன்

சோறு குழைந்துவிட்டது. மாசிச் சம்பலோடு விழுங்கினேன்.

இன்னும் மூன்று தண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்று, அதுவும் சந்தேகம். பைகளில் ஏழு சாய்ந்துவிட்டது, ஐந்து நிற்கிறது. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கக் கை பரபரக்கிறது. தவறணையில் எவனாவது அப்படிப் பிடுங்கியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

காலையில் ஒரு தேன்சிட்டு வந்து பொலித்தீன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குக்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

மே 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். போனை எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "சரோ, செடி இல்ல. நான்தான் வெட்டிட்டேன், தேயிலை மாதிரி. அழுகிப் போச்சு."

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னேன்.

"செடி இல்லாட்டியும் நீ வா புள்ள. வீடு வீடா இல்ல." கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. காது சுட்டது.

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு ரகசியக் குரலில்:

"மெதுவா பேசுங்க, மக காதுல விழுந்திரப் போகுது. செடி வாடுது, நான் போயே ஆகணும்னு பத்து நாளா அழுது பெரண்டு, இப்பதான் ஞாயித்துக்கெழமை அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டிருக்கா. செடி போச்சுன்னு தெரிஞ்சா விடுவாளா? மூச்சு விடாதீங்க. உங்கள வந்து வச்சிக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

மே 23, சனி

மழை விட்டிருக்கிறது. வீடு கூட்டி, பாய் உதறி, தேங்காய் இரண்டு வாங்கினேன்.

பதினொரு மணிக்கு மகள் போனில். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. செடி எப்படி இருக்கு?"

"ரொம்ப வாடிக் கெடக்கும்மா. உங்கம்மா வந்தாத்தான் பொழைக்கும்."

சரோவிடம் சொல்லத் திணறிய பொய், இவளிடம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.