திமிலி ஏன் சொல்லாமல் போனாள்?

கோட்டுச்சேரி
12 ஜனவரி 2025

ஹஃபீஸாவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

'அலைவேலிக் கோட்டை' நான்காம் பாகத்தில் நீ எழுதிய நாற்பதாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை தொடர்கதை ஆப்பில் வந்தது. நாம் இருவரும் மாறி மாறி எழுதுகிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். எந்த அத்தியாயம் யாருடையது என்பது தெரியாது. நீ ஷார்ஜாவில் ஒன்பதாவது மாடியில் பத்திரமாக இருக்கிறாய். நான் இங்கே மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால், ஓட இடமில்லாமல் நிற்கிறேன்.

சனிக்கிழமை காலையிலேயே எழில்மதி டீச்சர் இருமல் மருந்து வாங்க வந்தார். சீட்டை நீட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க இது? கனல்நாரைங்க கோட்டைய எரிச்சிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல திமிலி கப்பல எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சின்ன வயசுலேருந்து பழகுன ராணிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?"

"ஏதாவது காரணம் இருக்கும்ங்க" என்றேன்.

"என்ன காரணம்?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவர் கோபத்தில் மருந்தை வாங்காமலே போய்விட்டார். சாயங்காலம் சுப்ராயன் மாமா வந்தார். "அவ பேரப் படிச்சாலே எனக்கு பிரஷர் ஏறுது. நீயே ஏத்திவுட்டு நீயே மாத்திரை விக்கிறியாம்மா" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த அத்தியாயம் என் முறை. அதுதான் இந்தப் பாகத்தின் கடைசி. புயலை வரவழைத்து அந்தக் கப்பலை மூழ்கடிக்கச் சொல்லி ஊரே கேட்கிறது. என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் சோறு சாப்பிட்டுக்கொண்டே, "சுறா கடிச்சா இன்னும் நல்லாயிருக்கும்" என்கிறார். எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது. ஆனால் எழுத உட்காருமுன் ஒன்று தெரிய வேண்டும். திமிலி ஏன் சொல்லாமல் போனாள்?

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பாதே. உன் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கிறது.

அல்லி


ஷார்ஜா
18 ஜனவரி 2025

அன்புள்ள அல்லிக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன். வேண்டுமானால் இரண்டு தடவை போடுகிறேன். அன்புள்ள அல்லி, நலம்தானே? பொங்கலன்று எங்கள் வீட்டுக்குத் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் வந்ததாக உம்மா போனில் சொன்னார்கள். என் மேல் கோபமாக இருக்கிறவள் என் உம்மாவுக்கு ஏன் முந்திரியை அள்ளிப் போட்டிருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இங்கேயும் எனக்கு நிம்மதி இல்லை. ஷகீல் வேலைக்குப் போகும் வண்டியில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து, "இவ்வளவு அழுத்தக்காரியா அவ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லப் போயிருந்தால் திமிலி போயிருக்க மாட்டாள். அவ்வளவுதான். ராணி முகில்நாச்சி 'போகாதே' என்று தடுக்க வேண்டியதில்லை. 'சாப்பிட்டியா' என்று கேட்டிருந்தாலே நங்கூரத்தை இறக்கியிருப்பாள். அரண்மனை வாசல்வரை வந்துவந்து திரும்பிப் போனாள். அதை நான் எழுதவில்லை. எழுத வரவில்லை.

விசா வந்த பிறகு நானும் உன் கடைவாசல்வரை வந்தேன், அல்லி. நீ யாருக்கோ கண் சொட்டு மருந்து எப்படி விடுவது என்று தலையை அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தாய். அந்தக் கோலத்தில் உன்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அப்புறம் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்துதான் உனக்குப் போன் செய்தேன். நீ "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

கப்பலை மூழ்கடிப்பதானால் மூழ்கடித்துக்கொள். உன் அத்தியாயம், உன் கடல். அதிலிருக்கும் சமையல்காரரை மட்டும் கரை சேர்த்துவிடு. ஷகீலுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

துஆவுடன்,
உன் ஹஃபீஸா


கோட்டுச்சேரி
4 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹஃபீ,

பார்த்தாயா, போட்டுவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தை நீ இதற்குள் படித்திருப்பாய். கப்பலை மூழ்கடிக்கவில்லை. கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் திமிலியின் தாயார் அரண்மனை மருந்தறைக்கு வந்து, கடல் பயணத்தில் குமட்டாமலிருக்கச் சுக்கு கேட்கிறாள். முகில்நாச்சி எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். பிறகு கோபுரத்தில் ஏறி நின்று, கப்பல் போவதைப் பார்க்கிறாள். விளக்கேற்றிக் கூப்பிட்டிருக்கலாம். ஏற்றவில்லை.

இது என் கற்பனை இல்லை. நீ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு உன் உம்மா கடைக்கு வந்தார்கள். "சின்னவனுக்கு பிளேன்ல வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை குடு புள்ள" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். யாருக்குப் பயணம், எங்கே பயணம் என்று நான் கேட்கவில்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.

நீ வந்து சொல்வாய் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். கடைவாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். நீ வந்த அன்று மட்டும் அண்ணாந்து நின்றிருக்கிறேன். ஆனால் ஒன்று, கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலில் உன் வீட்டுக்கு வரப் பஸ்ஸா இல்லை? நானே கிளம்பி வந்து, "எப்படி என்கிட்ட சொல்லாம இருப்ப?" என்று கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. நீதான் முதலில் சொல்ல வேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வாசகர்கள் ராணியைப் பிடித்துக்கொண்டார்கள். "அவளுக்கு அப்படி என்ன திமிரு? வாயத் தொறந்து கேட்டா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?" என்கிறார் எழில்மதி டீச்சர். "இத்தன நாள் ஒருத்தியால பிரஷர் ஏறிச்சு, இப்ப ரெண்டு பேராலயும் ஏறுது" என்கிறார் சுப்ராயன் மாமா. அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றேன். வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்ததுபோல இருந்தது.

இனிமேல் குரல் பதிவு அனுப்பலாம். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அல்லி


ஷார்ஜா
9 மார்ச் 2025

என் அல்லிக்கு,

தினமும்தான் பேசுகிறோம். ஆனாலும் பேச்சில் வராத ஒன்றைச் சொல்ல எழுத வேண்டியிருக்கிறது.

கீழ்மாடியில் நபீசா என்று ஒரு பெண் இருக்கிறாள். நம் காரைக்கால்காரிதான். நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள், கதையை எழுதுவது நான்தான் என்று தெரிந்ததும் பாத்திரத்தைக்கூட வாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சாம் பாகத்துல திமிலி கோட்டைக்குத் திரும்பணும் லாத்தா. ராணி காலடியில கப்பல் சாவிய வைக்கணும்" என்றாள். கப்பலுக்குச் சாவி கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆப்பிலும் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் அத்தியாயம் என் முறை. நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். திமிலி திரும்பி வருவதாக எழுதினால் அது பொய், அல்லி. கடலுக்கு அந்தப் பக்கம் அவளை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கும் இங்கே ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. வேலை பிடித்திருக்கிறது. என் பிள்ளைகளும் இங்கே பழகிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஊருக்கு வர முடியாது. இதை உன்னிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை சொல்லாமல் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

திமிலி வராமல் இந்தக் கதையை எப்படித் தொடர்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் முறையையும் நீயே எடுத்துக்கொள். நான்காம் பாகத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தாலும் சரி. நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் நம்பாதே.

ஹஃபீஸா


கோட்டுச்சேரி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள ஹஃபீ,

ஒன்றரை மாதமாகப் போனில் கதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டாய். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் முழித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஒருவர் வந்து தெளியவைத்துவிட்டுப் போனார். நடந்ததைச் சொல்கிறேன்.

மதியம் கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல உயரம், சட்டையில் செம்பியன் என்று பேர். அப்போதுதான் கடைக்குள் வந்த சுப்ராயன் மாமா, அவரைப் பார்த்ததும் கேட்ட மாத்திரையை மறந்துவிட்டார். எனக்கு வியர்க்கவில்லை. அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் விசாரணை.

ஆமாம், பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறேன். விசாரணை முடியும்வரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஷகீல் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். பாஸ்போர்ட் வந்ததும் விசாவை அவர்தான் பார்த்துக்கொள்வார்; டிக்கெட்டை இப்போதே போட்டுவிட்டார். உன் வீட்டில் மூன்று வாரமாக அவர் ஏன் தானாகச் சிரித்துக்கொண்டு திரிகிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

செம்பியன் என் பேர், முகவரியெல்லாம் சரிபார்த்தார். பிறகு, "முதல் தடவையா வெளிநாடு போறீங்க. எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஃபிரெண்டப் பாக்கப் போறேங்க. ஷார்ஜாவுல இருக்கா."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்தார். "அல்லின்னா, அலைவேலி எழுதுற அல்லியா? அப்ப நீங்க பாக்கப் போறது உங்ககூட சேந்து எழுதுற அந்தக் கப்பல்காரியவா?"

"அவளையேதாங்க."

"அதான் சரி" என்றார். "அவ வரமாட்டாங்க. நான் அப்பவே எங்க வீட்டுல சொன்னேன். ராணிதான் படகு ஏறணும். என்ன இப்ப, ராணின்னா கோட்டையவுட்டு வெளிய போகக் கூடாதா?"

"ராணி போயிட்டா கோட்டைய யாரு பாத்துக்குவா?" என்றார் சுப்ராயன் மாமா, ஓரத்திலிருந்து.

"பத்து நாளைக்கு மதில் இடிஞ்சு விழுந்துடாதுங்க" என்றார் செம்பியன்.

ஐந்தாம் பாகத்தின் முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது, ஹஃபீ. முகில்நாச்சிக்கு நீச்சல்கூடத் தெரியாது. படகில் ஏறியதிலிருந்து குமட்டிக்கொண்டே போகிறாள். போய்ச் சேர்ந்ததும் எடுத்த எடுப்பில் திமிலியோடு சண்டைதான் போடுவாள். அதை மட்டும் நாம் இருவரும் சேர்ந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுவோம்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிய செம்பியன், பைக்கில் ஏறியவர், இறங்கி மறுபடி கடைக்குள் வந்தார்.

"அவங்களப் பாத்தா நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கச் சொல்லலாம்னு இருந்தேங்க. வேணாம். நல்லாருக்காங்களான்னு மட்டும் கேளுங்க, போதும்."

நல்லாருக்கியா ஹஃபீ? இதற்குப் பதில் எழுத வேண்டாம். மே பதினேழாம் தேதி மத்தியானம் விமானம் இறங்குகிறது. நேரில் சொல்.

அன்பாக,
அல்லி