நான்காம் ஷெட்டின் வெள்ளிக்கிழமைகள்

மார்ச் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். சேலத்தில் பஸ் ஏறும்போதே முதுகு நனைந்துவிட்டது. ஜன்னல் சீட். ராசிபுரம் வரை பதினெட்டுப் பக்கம் படித்தேன். அதன் பிறகு நாமக்கல் வரை தூக்கம்.

கோழிப் பண்ணையில் ஐந்தாவது வாரம் தொடக்கம். கம்பெனி எனக்குக் கொடுத்த வேலை சொல்ல எளிது: இதுவரை நோட்டில் எழுதியவர்களை போனுக்குப் பழக்குவது. முட்டை எத்தனை அட்டை, தீவனம் எத்தனை மூட்டை, மார்ட்டாலிட்டி எத்தனை. (கோழி செத்தது என்று இங்கே யாரும் சொல்வதில்லை. மார்ட்டாலிட்டி. டீக்கடையில்கூட.) போனில் இருக்கும் ஏஐ, இப்போது கோழி இருக்கும் மூன்று ஷெட்களையும் (ஒன்றாம் ஷெட் காலி) ஒப்பிட்டுப் பார்க்கும். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் சிவப்பு காட்டும்.

இன்று ஒரு நல்ல காரியம். கேள்வி கேட்கும் வசதியை நிறுத்திவிட்டேன். போனே ஒவ்வொன்றாகக் குரலில் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளும். யாருக்கும் பிடிக்கவில்லை. தீவனக் குடோன் ஈஸ்வரன் அண்ணன்: "பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற புள்ளையாட்டவே கேக்குதுங்க. பதில் சொல்லாட்டி அபராதம் போட்டுருமோ என்னமோ." இனி கட்டத்தில் எண்ணைத் தட்டினால் போதும். எல்லோருக்கும் நிம்மதி.

நான்காம் ஷெட் வளர்மதி அக்கா மட்டும் முதலில் நோட்டில் எழுதிவிட்டு, அதைப் பார்த்து போனில் போடுகிறார். பதினொரு வருடமாக அது அவர் ஷெட். கொண்டையில் பென்சில். இரட்டை வேலை எதற்கு என்றேன். "நோட்டு கீழ உழுந்தா ஒடையாது அம்மிணி."

வாங்க வேண்டியது: செருப்பு. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. போனுக்கு உறை மூன்று, தீவனத் தூசி தாங்குகிற மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

புதுச் செருப்பு கடிக்கிறது. அது பரவாயில்லை.

நேற்று மாலை மாத அறிக்கை அனுப்பியிருந்தேன். நான்காம் ஷெட்டுக்கு நான்கு சனிக்கிழமை, நான்கிலும் சிவப்பு. ஒவ்வொரு சனிக்கும் முந்தின வெள்ளி மார்ட்டாலிட்டி சைபர். நடுவில் ஒரு புதனும் சிவப்பு, அதற்கு முந்தின நாளும் சைபர் (தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், அதனால் நாள் ஞாபகம் இருக்கிறது). கலர் கலராகப் படம் போட்டு, ஒரு வரி விளக்கமும் இல்லாமல், நேராகச் சின்னவருக்கு. பெரியவரின், அதாவது முதலாளியின், மகன்; இப்போது பண்ணை அவர் பொறுப்பு.

மதியம் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை சைபர், சனிக்கிழமை ரெட்டிப்பு. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"தெரியலைங்க சார். கேட்டுப் பார்க்கிறேன்."

"கேக்க என்ன இருக்குது? வெள்ளிக்கிழமை அக்கா ஷெட்டுக்குள்ள ரவுண்டே போறதில்ல. செத்தது அப்படியே கூண்டுல கெடந்து, மக்யா நாள் எண்றாங்க. திங்கக்கிழமையிலிருந்து அட்டை அடுக்கப் போகட்டும். ஷெட்டுக்கு வேற ஆளு போட்டுக்கறேன்."

நான் சொன்னது: "சரிங்க சார்." அவ்வளவுதான் சொன்னேன்.

நான்கு வாரமாக அக்காவோடு ஒரே தூக்கில் டீ குடிக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மார்ச் 11, புதன்

கேட்டேன். அக்கா மறைக்கவெல்லாம் இல்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அதப் போயி ஆராச்சும் எழுதுவாங்களா?"

ரவுண்டு போகிறார், வெள்ளியும்தான். காலை ஆறுக்குள் ஒவ்வொரு வரிசையும் பார்த்து, செத்ததை எடுத்துக் குழியில் போட்டு மூடியும் விடுகிறார். எண்ணை மட்டும் சனிக்கிழமைக் கணக்கில் சேர்க்கிறார். மற்ற இரண்டு ஷெட்டிலும் எழுதுவது ஒடிசாக்காரர்கள், புதிதாக வந்தவர்கள். அவர்களுக்கு இது தெரியாது.

"ஆரு சொன்னதுங்கற? பெரியவருதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல, ஒரு வெள்ளிக்கிழமை எழுதிக்கிட்டிருந்தேன். பாத்துட்டு, 'இன்னிக்கு வேண்டாம் வளர்மதி, நாளைக்கு எழுதிக்கலாம்'னாரு. அப்பறம் நான் எழுதுனதில்ல."

பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு வெள்ளிக்கும், எண் இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலில் ஒரு பிள்ளையார் சுழி. ஒன்றுகூடத் தவறவில்லை. போனில் அதற்கு இடமில்லை என்று சைபர் போட்டிருக்கிறார்.

சின்னவர் சொன்னதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அறிக்கை அனுப்பியது நான்தான் என்பதையும். அக்கா போய் ஒழுகின தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினார்.

"அட்டை அடுக்கறதுன்னா நாள் பூரா குனிஞ்சு நிக்கோணும். இடுப்பு கேக்காது." பிறகு, "கோழி என்னைய அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்குதுக. வேற ஆளு உள்ள போனா மெரளும், முட்டை கொறையும். அதச் சொல்லு அவருகிட்ட."

சிரிக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் தவக்காலத்து வெள்ளி என்றால் கறி கிடையாது. ஏன் என்று யாராவது கேட்டால், அம்மா கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பாள்.

மார்ச் 12, வியாழன்

சின்னவரிடம் நோட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்தாறு பக்கம் புரட்டிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"நான் அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். ஏஞ்சாமி, லோடு கெளம்பிருச்சா?"

"அது கெளம்பிருச்சுங்கப்பா." வைத்துவிட்டார்.

கோபம் போய்விட்டது. ஆனால் பிடியை விடவில்லை. "நம்பிக்கையெல்லாம் சரிங்க, எங்கூட்லயும் இருக்குது. நோவு கெழமை பாத்தா வருது? வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சா சனிக்கிழமைதான் நமக்குத் தெரியும். ஒரு நாள்ல பாதி ஷெட்டு போயிரும். நாளைக்கு நம்பர் வரோணும். வந்துட்டா அக்காவே பாக்கட்டும். வரலைன்னா நான் சொன்னதுதான்."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் சங்கடம்.

அக்காவிடம்: "நான் போட்டு விடட்டுமாக்கா?"

"நீ இன்னும் ரெண்டு மாசத்துல வேலைய முடிச்சுட்டு ஊட்டுக்குப் போயிருவ. அப்பறம்?" பென்சிலை எடுத்துத் திரும்பக் கொண்டையில் செருகினார். "எங்கையால மாட்டேன் அம்மிணி. வாயாலயும் சொல்லமாட்டேன். அட்டையே அடுக்கிக்கறேன், போ."

வீட்டில் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது. அம்மா இரண்டு முறை என்ன ஆச்சு என்று கேட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

முதல் பஸ். சேலத்தில் ஏறும்போது காற்று குளிர்ச்சி, ஆச்சரியம்.

அக்கா தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. ரவுண்டு முடித்துக் குழியையும் மூடிவிட்டு வந்திருந்தார். அட்டை, மூட்டை இரண்டையும் நோட்டில் எழுதி, மூன்றாவது இடத்தில் வழக்கம்போல் பிள்ளையார் சுழி. நோட்டை மூடினார். போனைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. ஈஸ்வரன் அண்ணன் மூட்டை இறக்குகிற சாக்கில் அங்கேயே நின்றார்.

"அம்மிணி. அந்த பஸ் ஸ்டாண்டுப் புள்ள ஒண்ணு இருந்துச்சே, கேட்டுக்கிட்டே இருக்குமே. அது இருக்குதா, தொரத்திட்டயா?"

"நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். எதுக்குக்கா?"

"கூப்பிடு அதை."

திரும்பப் போட்டேன். போனைத் தீவன மூட்டை மேல் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

இன்று முட்டை எத்தனை அட்டை என்று கேட்டது. சொன்னார். தீவனம் எத்தனை மூட்டை என்றது. சொன்னார். அடுத்தது, தெளிவாக, கொஞ்சம் உரக்கவே:

"இன்று எத்தனை கோழிகள் இறந்தன?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானா சொன்னேன்? அதுதான சொல்லுச்சு."

"அதுதான்க்கா."

போன் பக்கம் திரும்பி, "நாலு."

"நான்கு. சரியா?"

"செரி சாமி."

ஈஸ்வரன் அண்ணன்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, அந்தப் புள்ள வாயில என்ன வருது பாருங்க."

"அதுக்கேது வெள்ளியும் சனியும். எந்த ஊருப் புள்ளையோ," என்றார் அக்கா. ஆனாலும் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

பதினொரு மணிக்குச் சின்னவரிடமிருந்து செய்தி: "நம்பர் வந்துருச்சு. அக்காவே பாக்கட்டும்." அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அட்டை வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்," என்றார். போகும்போது ஒரு பை நிறைய முட்டை கொடுத்தார், கீறல் விழுந்தவை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு மட்டும் உடைந்தன.

சர்ச்சில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வந்து அம்மா பையைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை முட்டை எதுக்குடி? உள்ளே வை. நாளைக்கு ஆகட்டும்."

மார்ச் 14, சனி

காலையில் முட்டைப் பொரியல். மேகமூட்டம், மழை இல்லை.

நான்காம் ஷெட்: மூன்று. பச்சை. முதல் முறையாகச் சனிக்கிழமை பச்சை. அக்காவிடம் காட்டினேன். நிறம் நன்றாயிருக்கிறது என்றார், புடவையைப் பார்ப்பது போல.

கம்பெனிக்கு எழுதிய மெயிலில் ஒரு வரி: கேள்வி கேட்கும் வசதியை எல்லோருக்கும் நிறுத்தியது என் தவறு, வேண்டியவர்களுக்கு இருக்கட்டும். ஏன் என்று அவர்கள் கேட்டால் எப்படி விளக்குவது, தெரியவில்லை. கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

கிளம்பும் நேரத்தில் அக்கா வாசல்வரை வந்தார். "அம்மிணி, வார புதங்கிழமை அமாவாசை. அன்னிக்கும் அந்தப் புள்ள கேக்குமில்ல?"

"தினமும் கேக்கும். எதுக்குக்கா?"

"சும்மாதான்."

பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாதக் காலண்டரை வாங்கிப் பிப்ரவரிக்குத் திருப்பினேன். சிவப்பு காட்டிய திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்: அமாவாசை.