பலகைக்குப் பதினைந்து நாள்

ஏப்ரல் 9

காலையிலேயே சுற்றுலாக் கூட்டம். படகிலிருந்து இறங்கி நேராக எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஐந்து கல்படிகள், நடுவில் தேய்ந்து குழிந்தவை. ஐந்நூறு வருடப் பழசாம். ஒருத்தி அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே சக்கர நாற்காலியில் என் மனைவி யூகெத். "எங்கிருந்தோ வந்து ஆத்தைப் பாத்துட்டுப் போறாங்க. எனக்கு அம்பதடி, எட்டலை."

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். எங்கள் ஜன்னல்கள் எல்லாம் சந்தைப் பக்கம். அதன்பின் அவள் ஆற்றைப் பார்க்கவேயில்லை.

ஏப்ரல் 14

நகராட்சியில் கேட்டேன். படிமேல் சரிவுப் பலகை போட முடியாது. புராதன வாசல், எதையும் சேர்க்கக் கூடாது. "உங்களுக்கே தெரியுமே மெஸ்யே லபோர்த். விதியை எழுதினதே நீங்கதானே?" என்றாள் அங்கிருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

பத்து வருடம் கவுன்சிலர். பெருமையாக எழுதினேன்.

ஏப்ரல் 15

யூகெத்தை நானே தூக்கிப் பார்த்தேன். முதல் படிக்கு முன்பே முதுகு பிடித்துக்கொண்டது. கீழே போட்டிருப்பேன் அவளை. வெளியே ஒருவன் எங்களையும் சேர்த்துப் படம் எடுத்தான். போடா!

ஏப்ரல் 22

மழை. சந்தைப் பக்க ஜன்னலை மூடச் சொன்னாள் யூகெத்.

ஏப்ரல் 26

ரொட்டிக் கடையில் எதிர்வீட்டு சொலாஞ்ச். பன்னிரண்டு வருடம் முன்பு அவள் தன் அம்மாவுக்காக வாசலில் பலகை போட்டாள். அதை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். கிழவி அதன்பின் வெளியே வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் சவப்பெட்டியில்தான் வந்தாள்.

இன்று உதவி கேட்க வாயெடுத்தேன். வணக்கம் மட்டும் வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மே 2

கதவு தட்டும் சத்தம். சொலாஞ்ச், அதே பலகையை இழுத்துக்கொண்டு.

"நிலவறையில கிடந்துது. ஒரு முனையைப் பிடிங்க."

"சொலாஞ்ச், அன்னிக்கு நான்—"

"உங்களுக்காக இல்ல. யூகெத் எங்கம்மாவுக்குத் தெனமும் சூப் கொண்டாந்தா, உங்களுக்குத் தெரியாம."

தெரியாதுதான்.

அவள் முன்னால், நான் பின்னால்; சக்கரம் இறங்கியது. ஆற்றங்கரையில் யூகெத் முன்னால் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "தண்ணி ஏறியிருக்கு," என்றாள். நான் அழுதுவிட்டேன்.

மே 3

பலகையில் நகராட்சி நோட்டீஸ். என் வாசகம், ஓர் எழுத்துகூட மாறவில்லை: பதினைந்து நாட்களுக்குள் அகற்றப்பட வேண்டும்.

யூகெத்துக்குப் படித்துக் காட்டினேன். "பதினஞ்சா? தாராள மனசுதான் உங்களுக்கு. என் கோட்டு எடுத்துக் குடுங்க, கிளம்பலாம்."

மே 11

ஒன்பதாவது நாள். நகராட்சிக்கு மறுபடி போனேன். கையை விரித்துவிட்டார்கள்.

மே 17

பதினைந்தாவது நாள். நல்ல வெயில். ஆற்றங்கரைக்குப் போய் வந்தோம். யூகெத்தை உள்ளே விட்டுவிட்டு நானே பலகையை எடுத்தேன். மறுமுனையை சொலாஞ்ச் பிடித்தாள். நாங்கள் நகரட்டும் என்று ஒரு கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது, படிகளைப் படம் எடுக்க.